இணைப்புச் சக்கரங்கள் இல்லாத வண்டியும் ஏலப் பட்டியல் எண் 47-உம்

அனுப்புநர்
ம. தாட்சாயிணி (வயது 37),
க/பெ. மணவாளன்,
பிள்ளையார் கோயில் குறுக்குத் தெரு,
திருமுல்லைவாயில், சென்னை – 600 062.

பெறுநர்
காவல் உதவி ஆணையர் அவர்கள்,
செண்பகா நகர் சரகம்.

பொருள்: இடைக்காலமாக என்னிடம் ஒப்படைக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்ட என் ஸ்கூட்டர், உரிமை கோரப்படாத வாகனம் என ஏலத்தில் சேர்க்கப்பட்டது – ஏலத்தை நிறுத்தி, இணைப்புச் சக்கரங்களுடன் வண்டியைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. செண்பகா நகர் காவல் நிலையக் குற்ற எண் 212/2025.
2. மாண்பமை நீதித்துறை நடுவர் அவர்களின் 24.06.2025 தேதியிட்ட இடைக்கால ஒப்படைப்பு உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நாளை மறுநாள், 14.11.2025 வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, உரிமை கோரப்படாதவை என்று சொல்லி நூற்றுப் பத்து வாகனங்கள் தங்கள் சரகத்தில் ஏலம் விடப்பட உள்ளன. அதில் 47-ஆம் எண்ணில் இருப்பது என் வண்டி. அதற்கு நான் உரிமை கோரவில்லை என்பது பொய். ஏழு மாதங்களாக அதை மட்டும்தான் செய்துகொண்டிருக்கிறேன். அந்த வண்டி போய்விட்டால், யார் துணையும் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்ட எனக்கு வேறு வழி கிடையாது. ஆகவே இம்மனுவைப் படித்து முடித்துவிட்டு முடிவெடுக்காமல், முதலில் 47-ஆம் எண்ணை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு மீதியைப் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரு கால்களும் செயல்படாது. கால்களுக்குத் தாங்கலாகக் காலிப்பர் மாட்டி, ஊன்றுகோல் ஊன்றி வீட்டுக்குள் நடப்பேன். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு ஆண்டுகளாகத் தொலைபேசி இயக்குநராக வேலை செய்கிறேன். 2021-ஆம் ஆண்டு அரசு எனக்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர் வழங்கியது. அதற்கு முன்பெல்லாம், எங்கே போகவேண்டுமானாலும் வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது என்று பார்த்துத்தான் கிளம்புவேன். வண்டி வந்த பிறகு யாரையும் கேட்காமல் கிளம்பினேன். மகள் கார்த்திகாவை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே வேலைக்குப் போவேன். கடைக்குப் போய் நானே தக்காளி பொறுக்கி வாங்கினேன். இது பெரிய விஷயமா என்று தங்களுக்குத் தோன்றலாம். எனக்குப் பெரிய விஷயம்தான்.

3. என் பக்கத்துத் தவறை மறைக்க விரும்பவில்லை. வண்டியைப் பிறருக்குத் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் அதை வாங்கினேன். ஆனால் பிரேக் பிடிக்கவில்லை, டயரில் காற்று இறங்கிவிட்டது என்றால் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விடுவது என் தம்பி வரதன்தான். அடுத்த தெருவில் இருக்கிறான். 09.04.2025 புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. காலையில் வந்து, "அக்கா, கை பிரேக் லூசா கீது, டைட் வச்சிக்கினு மதியத்துக்குள்ள குடுத்துடறேன்" என்றான். சாவியைக் கொடுத்தேன். நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் கொடுத்து வந்தேன்.

4. அவன் மெக்கானிக்கிடம் போகவில்லை. தடை செய்யப்பட்ட புகையிலைப் பாக்கெட்டுகள் கொண்ட மூன்று மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, குத்தம்பாக்கத்திலிருந்து கரையான்சாவடிக்குப் போயிருக்கிறான். ஒரு மூட்டையை நான் ஊன்றுகோல் செருகும் இடத்தில் கட்டியிருந்தான். வழியில் முன்சக்கரம் பஞ்சர் ஆகியிருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் வெயிலில் சிக்கிக்கொண்டாரே என்று ரோந்துக் காவலர் ஒருவர் உதவிக்கு வந்திருக்கிறார். அவர் அருகில் வந்ததும், மாற்றுத்திறனாளி இறங்கி இரண்டு கால்களாலும் ஓடிவிட்டார். இருநூறு மீட்டரில் பிடித்துவிட்டார்கள். உதவ வந்த அந்தக் காவலர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவரிடம் நேரில் நன்றி சொல்லவேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

5. பிணையில் வந்த பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று தம்பியைக் கேட்டேன். "உன் வண்டின்னா எவனும் கை காட்ட மாட்டான்க்கா, அதான் எடுத்துக்கினு போனேன்" என்றான். இதை நீதிமன்றத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் கால்களைத் திரையாகப் பிடித்துக்கொண்டு அவன் சரக்கு கடத்தியிருக்கிறான். அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. வழக்கில் அவனுக்கு என்ன தண்டனை வந்தாலும் நான் குறுக்கே நிற்கப்போவதில்லை. இம்மனு அவனைப் பற்றியது அல்ல.

6. இனி வருவதுதான் முக்கியம். வண்டியைப் பறிமுதல் செய்து நிலையத்துக்குக் கொண்டுபோக ஒரு லோடு வண்டி வந்தது. பின்னால் இரு பக்கமும் சக்கரம் நீட்டிக்கொண்டிருந்ததால், என் ஸ்கூட்டர் அந்த லோடு வண்டியின் அகலத்துக்குள் அடங்கவில்லை. எனவே போல்ட்டுகளைக் கழற்றி, இணைப்புச் சக்கரங்கள் இரண்டையும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் தனியே எடுத்திருக்கிறார்கள். பிறகு நிலைய எழுத்தர், தலைமைக் காவலர் திரு. கோவிந்தராஜ் அவர்கள், கைப்பற்றிய சொத்துகளின் பட்டியலை எழுதும்போது, மூட்டைகளை முதல் இனமாகவும், ஸ்கூட்டரை இரண்டாம் இனமாகவும், "சிறிய சக்கரங்கள் இரண்டு, இரும்புச் சட்டம் ஒன்று" என்பதை மூன்றாம் இனமாகவும் எழுதிவிட்டார். ஒரே வண்டி நீதிமன்றத்துக்கு இரண்டு பொருள்களாகப் போனது.

7. இதை அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் சொல்லவில்லை. பின்னாளில் நான் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னாம்மா நீ, தனியா எழுதுனதே உன் நல்லதுக்குத்தான். எழுதாம வுட்டு சக்கரம் தொலஞ்சி போச்சின்னு வை, நாளைக்கு என்னாண்டதானே வந்து நிப்பே." அவர் கவனமானவர். அந்தக் கவனத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

8. நான் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் மூலம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 497-இன் கீழ், வழக்கு முடியும்வரை வண்டியை என் பொறுப்பில் ஒப்படைக்கக் கோரி மனு செய்தேன். நான் குற்றவாளி அல்ல, வண்டியின் உரிமையாளர் என்பதையும், நிலைய வெளியில் மழையிலும் வெயிலிலும் கிடந்தால் வண்டி உதவாமல் போகும் என்பதையும் ஏற்று, மாண்பமை நடுவர் அவர்கள் 24.06.2025 அன்று உத்தரவிட்டார்கள். பிணைப்பத்திரமும் ஒருவரின் ஜாமீனும் தரவேண்டும், நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து வைக்கவேண்டும், வழக்கு முடியும்வரை வண்டியை விற்கவோ அதன் உருவத்தையும் தோற்றத்தையும் மாற்றவோ கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்பன நிபந்தனைகள். அனைத்துக்கும் சம்மதித்துக் கையெழுத்திட்டேன். அன்று மாலை என் கணவர் கேசரி செய்தார். உத்தரவு கிடைத்தால் வண்டி கிடைத்துவிடும் என்று நாங்கள் நம்பினோம்.

9. 27.06.2025 அன்று உத்தரவின் சான்றிட்ட நகலுடன் நிலையத்துக்குப் போனேன். திருமுல்லைவாயிலிலிருந்து அங்கே போக இரண்டு ஆட்டோ மாறவேண்டும். பின்பக்க வெளியில் வண்டியைக் காட்டினார்கள். சாதாரண ஸ்கூட்டரைப் போல இரண்டு சக்கரத்தில், சுவரில் சாய்ந்து நின்றது. இணைப்புச் சக்கரங்கள் எங்கே என்று கேட்டேன். அவை மூன்றாம் இனம், உத்தரவில் இரண்டாம் இனத்தை மட்டும்தான் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறது, அவற்றுக்குத் தனி உத்தரவு வேண்டும் என்றார் எழுத்தர். நான் சுற்றிலும் பார்த்தேன். சக்கரங்களில் ஒன்று, நிலையத்தின் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டாக வைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

10. ஒப்புகைச் சீட்டை நீட்டினார்கள். "வண்டியை முழுமையாகவும் நல்ல நிலையிலும் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் அச்சடிக்கப்பட்டிருந்தது. ஐயா, அந்த இரண்டு சக்கரமும் இல்லாமல் அது எனக்கு வண்டியே இல்லை. அதன் மேல் உட்கார்ந்தால் நான் கீழே விழுவேன். அதைச் சொன்னேன். "இணைப்புச் சக்கரங்கள் இல்லாமல் பெற்றுக்கொண்டேன்" என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்திடுகிறேன் என்றும் சொன்னேன். அச்சடித்த படிவத்தில் கூடவோ குறையவோ எழுதக் கூடாது என்றார்கள். அப்படியானால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், மறுக்கவில்லை. எழுத்தர் பதிவேட்டை எடுத்து, "உத்தரவின்படி வண்டி ஒப்படைக்க முன்வந்தும் உரிமையாளர் பெற மறுத்தார்" என்று எழுதினார். அவர் எழுதுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

11. வேறு சக்கரங்கள் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாமே என்று பலரும் கேட்கிறார்கள். தாங்களும் கேட்கக்கூடும். வண்டியின் உருவத்தை மாற்றக் கூடாது என்பது நீதிமன்ற நிபந்தனை. வண்டி இப்போது இரண்டு சக்கரத்தில் நிற்கிறது. இந்தக் கோலத்தில் அதை வாங்கி நான் ஒரு போல்ட்டை முடுக்கினாலும் உத்தரவை மீறியவள் ஆவேன். அதன் உருவத்தை மாற்றியது நிலையம். மாற்றமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருப்பது நான். இதில் சிரிக்க ஏதாவது இருந்தால் சிரித்துவிடலாம், எனக்கு வரவில்லை.

12. ஆகவே மூன்றாம் இனத்தையும் ஒப்படைக்கக் கோரி 07.07.2025 அன்று இரண்டாவது மனு தாக்கல் செய்தோம். நிலையத்தின் அறிக்கையைக் கேட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. அறிக்கை வரவில்லை. ஜூலையில் இரண்டு முறை, ஆகஸ்டில் ஒரு முறை, செப்டம்பரில் இரண்டு முறை, அக்டோபரில் ஒரு முறை வழக்கு தள்ளிப்போனது. ஆய்வாளர் பாதுகாப்புப் பணிக்குப் போயிருக்கிறார் என்று ஒரு முறையும், கோப்பு எழுத்தரிடம் இருக்கிறது, எழுத்தர் விடுப்பில் இருக்கிறார் என்று ஒரு முறையும் சொல்லப்பட்டது. மற்ற முறைகளில் ஒன்றும் சொல்லப்படவில்லை. அடுத்த வாய்தா 25.11.2025. ஏலம் முடிந்து பதினொரு நாள் கழித்து.

13. ஏலத்தைப் பற்றி நிலையத்திலிருந்து எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை, என் முகவரியும் கைபேசி எண்ணும் நான்கு இடங்களில் அவர்களிடம் இருந்தும். நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் திரு. ஜஸ்டின் என்பவர்தான் நேற்று முன்தினம் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் கடை நாற்காலியில்தான் காத்திருப்பேன். "அக்கா, ஸ்டேஷன் நோட்டீஸ் போர்டுல உன் வண்டி நம்பர் ஒட்டிக்கீதுக்கா. ஏலம்னு போட்டுக்கீது. வெள்ளிக்கிழமையாம்" என்றார். அறிவிப்பைப் படமெடுத்தும் அனுப்பினார். 47-ஆம் எண்: ஸ்கூட்டர், இருசக்கரம், நிலை பழுது, குறிப்பு: உரிமையாளர் பெற மறுத்தார். உடனே நிலையத்துக்குப் பேசினேன். பட்டியல் மேலே போய்விட்டது, இனி எங்கள் கையில் இல்லை என்றார்கள். என் வழக்கறிஞர் அவசர மனு தயாரித்துக்கொண்டிருக்கிறார். அது எண்ணிடப்பட்டு நடுவர் அவர்களின் முன் போவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். ஏலத்தில் இப்படிப்பட்ட வண்டிகளை வாங்குகிறவர்கள் ஓட்டுவதற்காக வாங்குவதில்லை என்றும், அன்று மாலையே உடைத்துவிடுவார்கள் என்றும் ஜஸ்டின் சொல்கிறார்.

14. இந்த ஏழு மாதங்கள் எப்படிப் போயின என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நீதிமன்றக் கட்டடத்தின் படிகளில் என்னை ஒன்பது முறை தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வழக்குக்காக வந்தவர்கள், வழக்கறிஞர்களின் குமாஸ்தாக்கள், ஒரு முறை கைவிலங்கோடு வந்தவரைக் காவல் காத்த காவலர். எல்லோரும் நல்லவர்கள். ஆனால் தூக்கப்படுவது எனக்குப் பிடிக்காது. அந்நியர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, புடவை விலகுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு போவது எனக்கு அவமானமாக இருக்கிறது. என் கணவர் மணவாளன் லேத் பட்டறையில் ஷிப்ட் மாற்றி மாற்றி வாங்கி என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறார். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் சுளிக்கிறது. அவருக்கு ஷிப்ட் கிடைக்காத நாள்களில் நான் வேலைக்குப் போவதில்லை. மருத்துவமனை நிர்வாகம் இம்மாத இறுதிவரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. எட்டு வயது கார்த்திகா, "நான் தனியாப் போயிப்பேன்மா, நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகிறாள். அவள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஆசிரியை செய்தி அனுப்பும்வரை நான் கைபேசியைக் கீழே வைப்பதில்லை.

15. எனக்கு யாருடைய அனுதாபமும் வேண்டாம். என் எழுத்தில் கோபம் தெரிந்தால் பொறுத்தருளவும். இரண்டு முறை எழுதி, அதைக் குறைத்துப் பார்த்தேன். இதற்குமேல் குறையவில்லை. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) 14.11.2025 ஏலத்திலிருந்து 47-ஆம் எண்ணை இன்றே நீக்கி, அதற்கான எழுத்துவழி உத்தரவின் நகலை எனக்கும் ஏலம் நடத்தும் அலுவலருக்கும் தரவும்;

(ஆ) "உரிமையாளர் பெற மறுத்தார்" என்ற பதிவின் கீழ், நான் ஏன் கையெழுத்திடவில்லை என்பதையும் அதே பதிவேட்டில் எழுதச் செய்யவும்;

(இ) இணைப்புச் சக்கரங்கள் இரண்டும் இரும்புச் சட்டமும் எங்கே உள்ளன என்று நேரில் பார்த்து, கதவுக்கு முட்டாக இருப்பதை எடுத்துப் பத்திரப்படுத்தவும், மற்றொன்றைத் தேடிக் கண்டுபிடிக்கவும்;

(ஈ) 25.11.2025 வரை காத்திருக்காமல், இரண்டாம் இனமும் மூன்றாம் இனமும் ஒரே வண்டிதான், பிரித்து எழுதியது ஏற்றிச் செல்லும் வசதிக்காகத்தான் என்று நிலையத்தின் அறிக்கையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சொல்லவும்

வேண்டுகிறேன். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஒருவர் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

16. கடைசியாக ஒன்று. இதுபோன்ற மனுக்கள் வந்தால், மனுதாரரை நிலையத்துக்கு வரவழைத்து விசாரிப்பதுதான் வழக்கம் என்று அறிகிறேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எந்த நாள், எந்த நேரம் என்று குறிப்பிட்டால் போதும், பத்து நிமிடம் முன்னதாகவே வந்து நிற்பேன். ஆனால் இன்னொருவர் தோளில் தூக்கிக்கொண்டு வரும்படி என்னை இனி ஒரு முறை அழைக்காதீர்கள். வண்டியை அதன் நான்கு சக்கரத்தோடும் என் வாசலுக்கு அனுப்புங்கள். நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

இணைப்புகள்: வண்டியின் பதிவுச் சான்று நகல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், 24.06.2025 உத்தரவின் சான்றிட்ட நகல், இரண்டாவது மனுவின் நகல், ஏல அறிவிப்பின் புகைப்படம், இணைப்புச் சக்கரங்களுடன் வண்டியில் நான் அமர்ந்திருக்கும் 2021-ஆம் ஆண்டுப் புகைப்படம்.

இடம்: திருமுல்லைவாயில்
நாள்: 12.11.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
ம. தாட்சாயிணி,
வண்டியின் உரிமையாளர்.